படுக்கையறையில் இருபத்தொரு டிகிரி

ஃபாகெர்னெஸ்,
6 அக்டோபர்

அன்பு மகள் இங்வில்டுக்கு,

இன்று காலை எட்டு மணி நிலவரப்படி ஸ்கார்லி மலைவீட்டின் உள்ளே எட்டு டிகிரி, வெளியே மைனஸ் இரண்டு. முதல் எண்ணுக்கு ஆதாரம், போன வாரம் நீ என் கைப்பேசியில் ஏற்றிவிட்டுப் போன செயலி. இரண்டாவதற்கு ஆதாரம், பக்கத்து மலைவீட்டு க்னூட்டின் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானி. இரண்டில் க்னூட்டின் வெப்பமானியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அது எத்தனையோ வருடமாக ஒரே ஆணியில் தொங்குகிறது. உன் செயலி வந்து எட்டு நாள்தான் ஆகிறது.

நான் நலம். காது மட்டும் பழையபடிதான். தொலைபேசியில் பேசினால் உன் குரலைவிட உன் கப்பலின் இன்ஜின்தான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதனால் நமக்குக் கடிதமே நல்லது. உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? கப்பலில் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா?

ஹீட்டர்களை இயக்க நீ சுவரில் மாட்டிவிட்டுப் போன தெர்மோஸ்டாட்டுகளைப் பார்க்க க்னூட் வந்திருந்தான். ஒவ்வொன்றின் முன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஏன்யா ஹால்வர், உன் மக பெர்கன்ல படகுல உக்காந்துக்கிட்டே இந்த ஹீட்டரப் போடுவாளா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப நீ எதுக்கு?" என்றான். காப்பி போடப் போனேன்.

வீடு விஷயம். மலைவீட்டை வாங்க விரும்பும் ஒஸ்லோ தம்பதி மறுபடியும் வந்து பார்த்தார்கள். முற்றத்தில் வெந்நீர்த் தொட்டி வைக்க இடம் இருக்குமா என்று கேட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். விற்றுவிடுவது என்ற என் எண்ணத்தில் மாற்றம் இல்லை. உன் அம்மா மாரித் போன பிறகு இந்த மூன்று வருடத்தில் ஒரு இரவுகூட நான் அங்கே தங்கவில்லை. தனியாகப் போய்க் குளிர்ந்த வீட்டின் கதவைத் திறக்க எனக்குப் பிடிக்கவில்லை. குழாய்கள் உறைந்து வெடித்துவிடக் கூடாது என்று நீ செய்த ஏற்பாட்டுக்கு நன்றி. விற்கும்வரை அது காப்பாற்றும்.

நிலுவையில் இருப்பது: தம்பதிக்கு என் இறுதிப் பதில். எதிர்பார்க்கப்படும் நாள்: ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்.

அன்புடன்,
அப்பா


பெர்கன்,
20 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெர்கனில் மழை. இது செய்தி அல்ல என்று பழைய நிருபரான நீங்கள் வெட்டிவிடுவீர்கள், தெரியும். முழங்கை தேவலை. சாப்பாடு வேளாவேளைக்குக் கிடைக்கிறது, வாரத்தில் நான்கு நாள் மீன் உருண்டை.

நாளை மறுபடி கப்பல் ஏறுகிறேன். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. இன்ஜின் அறையில் முப்பத்தெட்டு டிகிரி. அங்கே நின்றுகொண்டு கைப்பேசியில் ஸ்கார்லி எட்டு டிகிரி என்று பார்ப்பது எனக்கு ஐஸ்கிரீம் சாப்பிடுவது மாதிரி. ஃபியோர்டுகளின் மலைச்சுவர்களுக்கு நடுவே பல இடங்களில் இணையம் கிடைக்காது. துறைமுகம் நெருங்கியதும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நான்கு எண்கள் தெரியும்: கூடம், பெரிய படுக்கையறை, என் சின்ன அறை, குளியலறைத் தரை. எல்லாம் எட்டில் இருக்கட்டும். குழாய்க்கு அது போதும். உங்கள் கைப்பேசியில் மாற்றினாலும் என்னுடையதில் மாற்றினாலும் ஒன்றுதான். யார் மாற்றினார் என்று அது காட்டாது. மலிவான வகையை வாங்கினேன்.

இன்னொன்று. போக நினைத்தால், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கூடத்தின் எண்ணை விரலால் இருபதுக்குத் தள்ளிவிடுங்கள். சாப்பிட்டு, காரில் ஏறி, கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேரும்போது வீடு சூடாக இருக்கும். ஒரே ஒரு முறை செய்து பாருங்கள். குழாய்க்காக மட்டும் இதையெல்லாம் மாட்டவில்லை.

விற்பது பற்றி: வீடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. நான் எதுவும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக் கருவியின் மின்கலத்தை மாற்றினீர்களா?

உங்கள்,
இங்வில்ட்


ஃபாகெர்னெஸ்,
24 நவம்பர்

அன்பு மகளுக்கு,

நேற்று மாலை நான்கு மணிக்கு ஸ்கார்லி கூடத்தில் இருபது டிகிரி. ஆதாரம்: என் மூக்கு.

நீ சொன்னபடியே செய்தேன். உருளைக்கிழங்கை உரித்து வைத்துவிட்டு எண்ணைத் தள்ளினேன். வழியில் பனி இல்லை. கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் பட்டது. யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்து "ஹலோ" என்று சொல்லிவிட்டேன். யாரும் இல்லை. கோட்டைக் கழற்றினேன். கழற்றிய பிறகு அதை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. நானும் உன் அம்மாவும் அந்த வீட்டுக்குப் போன முதல் மூன்று மணி நேரம் கோட்டைக் கழற்றியதே கிடையாது. அடுப்பு பிடிக்கும்வரை தொப்பி போட்டுக்கொண்டே கொக்கோ குடிப்போம். கோட்டு மாட்டும் ஆணி கதவுக்குப் பின்னால் இருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

இரவு தங்கினேன். படுக்கையறை ஹீட்டரைத் தொடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து மனிதன் தூங்குகிற மாதிரி தூங்கினேன்.

விற்பதில் மாற்றம் இல்லை. ஆனால் விற்கும்வரை போய் வரலாம் என்று தோன்றுகிறது.

உடம்பில் ஒரே ஒரு சேதம். க்னூட் கொடுத்த காய்ந்த கலைமான் இறைச்சியில் கடைவாய்ப் பல் உடைந்தது. புதுப் பல் மருத்துவரிடம் இடம் கிடைக்க மூன்று வாரம் ஆகுமாம். பழைய மருத்துவர் பெனெடிக்டே ஓய்வு பெற்றுவிட்டது உனக்குத் தெரியும். அவரை நூலகத்தில், துப்பறியும் நாவல்கள் வரிசையில் பார்த்தேன். அங்கேயே "வாயத் திற" என்றார். திறந்தேன். "ஹால்வர், இந்தப் பல்லப் பிடுங்கணும்னு பத்து வருஷம் முன்னாடியே சொன்னேன். கேட்டியா? பேப்பர்ல போடற செய்திய மட்டும் நம்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நூலகர் சிரித்தார். பிறகு இருவரும் காப்பி குடித்தோம். நான் வாயின் ஒரு பக்கத்தால் மட்டும்.

கிறிஸ்துமஸுக்கு நீ கப்பலில் இருப்பாய் என்று தெரியும். கம்பளிக் காலுறை அனுப்புகிறேன்.

நிலுவையில்: கடைவாய்ப் பல். டிசம்பர் பத்து.

அப்பா


கப்பலில் இருந்து, ஓலெசுண்ட் துறைமுகம்,
14 ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. காலுறை சரியான அளவு. இன்ஜின் அறையில் போட முடியாது, படுக்கையில் போட்டுக்கொள்கிறேன். ஞாயிறு காலை நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, "சளி. கம்பளிக்குள் இருக்கிறேன்", கவலை தருகிறது. காய்ச்சல் இருக்கிறதா? வெளியே போகாதீர்கள். சூடாக ஏதாவது குடியுங்கள்.

நீங்கள் படுத்திருந்ததால் கவனித்திருக்க மாட்டீர்கள். ஸ்கார்லியில் ஒரு கோளாறு. வெள்ளி மாலை துறைமுகத்துக்குள் வந்ததும் பார்த்தேன்: பெரிய படுக்கையறை இருபத்தொரு டிகிரி! கூடமாக இருந்தால் நீங்கள் போயிருக்கிறீர்கள் என்று நினைத்திருப்பேன். படுக்கையறை! நம் குடும்பத்தில் படுக்கையறை ஹீட்டரைத் தொட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியாது. எனக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட அம்மா ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தார். ஆகவே இது கருவியின் பிழை என்று முடிவு செய்து எட்டுக்கு இறக்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி இருபத்தொன்று. இறக்கினேன். தூங்கப் போகும் முன் பார்த்தால் இருபத்திரண்டு! அதற்கும் விடவில்லை. விடியற்காலை வேலைக்கு எழுந்தபோது கடைசியாக ஒரு முறை இறக்கினேன். அதன் பிறகு கருவி அடங்கிவிட்டது. பிடிவாதத்தில் நான் ஜெயித்தேன் என்று என் உதவியாளனிடம் பெருமையாகச் சொன்னேன்.

வெளியே மைனஸ் பத்தொன்பதில் காலி அறையைச் சூடாக்கும் முட்டாள் கருவி. என் கணிப்பில் வெப்பத்தை அளக்கும் உணர்கருவி கெட்டிருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன்.

தேன் போட்டு இஞ்சித் தண்ணீர் குடியுங்கள்.

இங்வில்ட்


ஃபாகெர்னெஸ்,
21 ஜனவரி

அன்பு மகளுக்கு,

சளி நேற்று நின்றது. ஆதாரம்: கைக்குட்டை. அது எப்படி வந்தது என்பதைப் பற்றி உன் கடிதம் கிடைத்த பிறகு எனக்கு ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. உறுதியாகும்வரை வெளியிட மாட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கருவியை எதிர்த்துப் போராடிய விவரங்கள் துல்லியமாக இருக்கின்றன. நிருபராக வந்திருக்க வேண்டியவள் நீ. ஆனால் ஒரு வேண்டுகோள். அந்தப் படுக்கையறை எண்ணைத் தயவுசெய்து இனி தொடாதே. விஞ்ஞான ரீதியாக யோசித்துப் பார். மைனஸ் பத்தொன்பதில் ஒரு அறையை இருபத்தொன்றிலிருந்து எட்டுக்குத் திடீரென்று இறக்கினால் மரச்சுவருக்கு நல்லதல்ல. மனிதருக்கும் நல்லதல்ல. மனிதர் யாராவது இருந்தால், என்று சொல்கிறேன்.

உணர்கருவி வாங்காதே. வீணாகப் போகும்.

க்னூட் நலம். பல் பிடுங்கியாகிவிட்டது. இந்த வாரம் பனி நன்றாக விழுந்தது, பனிச்சறுக்குத் தடம் போட்டுவிட்டார்கள். மார்புச் சளி பிடிக்காமல் நீயும் பார்த்துக்கொள்.

நிலுவையில் எதுவும் இல்லை.

அப்பா


பெர்கன்,
2 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி நின்றது கேட்டு நிம்மதி. இங்கே நான் நலம், மழையும் நலம்.

மரச்சுவர் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தச் சுவர் மைனஸ் முப்பதைப் பார்த்திருக்கிறது அப்பா. கோளாறு நிற்கவில்லை. போன வெள்ளி, அதற்கு முந்தைய வெள்ளி, இரண்டு முறையும் படுக்கையறை ஏறியிருக்கிறது. நீங்கள் கேட்டுக்கொண்டதால் தொடவில்லை. ஆனால் வேறு யாராவது உள்ளே நுழைந்து படுத்திருக்கிறார்களோ என்று பயம் வந்துவிட்டது. க்னூட் மாமாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பேச்சை அப்படியே தருகிறேன்.

"மாமா, எங்க வீட்டுப் பக்கம் யாராச்சும் தெரியறாங்களா?"

"திருடன் மாதிரி யாரும் தெரியல."

"அப்ப திருடன் மாதிரி இல்லாம யாராச்சும் தெரியறாங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"புகைபோக்கில புகை வருதா?"

"புகைபோக்கின்னு இருந்தா புகை வரத்தானே செய்யும்."

"மாமா, உங்களுக்கு ஏதோ தெரியும்."

"எனக்கு வெப்பமானி மட்டும்தான் தெரியும். மைனஸ் பதினொண்ணு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். பனியில் வழுக்கி மண்டையில் அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

புது உணர்கருவி வாங்கிவிட்டேன். அதை மாற்ற மின்பணியாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். கோளாறு வெள்ளி மாலையில்தான் வருகிறது என்பதால், பிப்ரவரி பதினான்காம் தேதி வெள்ளி மாலை ஆறு மணிக்கு வந்து கையும் களவுமாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். சாவி க்னூட் மாமாவிடம் இருக்கிறதே, உங்களுக்குத் தொந்தரவு இல்லை. நேராகப் படுக்கையறைக்கே போய்விடச் சொல்லியிருக்கிறேன்.

இங்வில்ட்


ஃபாகெர்னெஸ்,
8 பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

நலம். மின்பணியாளரை வர வேண்டாம் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். காரணம் பின்னர்.

அப்பா


கப்பலில் இருந்து, த்ரோண்ட்ஹைம் துறைமுகம்,
23 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதம் உங்கள் வாழ்நாளிலேயே நீங்கள் எழுதிய மிகச் சிறிய கடிதம். முப்பத்தெட்டு வருடம் பள்ளத்தாக்குப் பத்திரிகையில் எழுதிய நிருபர், "காரணம் பின்னர்" என்று ஒரு செய்தியையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. கோழித் திருட்டுக்குக்கூட ஆதாரம் கேட்பீர்கள். அதனால் உட்கார்ந்து யோசித்தேன்.

செயலியில் பழைய நாட்களின் வெப்பநிலையைக் கோடாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. நான் இதுவரை அதைத் திறக்கவில்லை. இன்று சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது திறந்தேன். என் ஆய்வறிக்கை வருமாறு.

வெள்ளி மதியம் படுக்கையறை ஏறுகிறது, மாலையில் விறகடுப்பு மூட்டியது போலக் கூடமும். சனி காலை ஏழரைக்குக் குளியலறைத் தரை இருபத்தாறு. கோளாறு பிடித்த கருவி பாதத்தை நினைத்துத் தரையைச் சூடாக்காது. ஞாயிறு மதியம் எல்லா எண்களும் ஒழுங்காக எட்டுக்கு இறங்குகின்றன. பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்ட மாதிரி.

இதைவிட முக்கியமானது இரவு. பத்து மணிக்குப் படுக்கையறை இருபத்தொன்றிலிருந்து சட்டென்று பதினைந்துக்கு விழுகிறது. ஜன்னலைத் திறந்தால் மட்டுமே அப்படி விழும். பத்து நிமிடத்தில் மறுபடி ஏறுகிறது. ஜன்னலை மூடினால் மட்டுமே அப்படி ஏறும். பிறகு மறுபடி விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ஐந்து வார இறுதிகளில் இதே கதை. ஒருவர் திறக்கிறார், ஒருவர் மூடுகிறார். திறப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அவரைத் தெரியும்.

முடிவு: கருவியில் கோளாறு இல்லை. உணர்கருவியை அலமாரியில் வைத்துவிட்டேன். படுக்கையறை எண்ணை இனித் தொட மாட்டேன்.

ஜனவரியில் மைனஸ் பத்தொன்பது இரவில் நான்கு முறை எட்டுக்கு இறக்கினேன் அல்லவா, அதற்காக ஜன்னலை மூடுகிறவரிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள். தடிப் போர்வை இரண்டு என் அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பூச்சி உருண்டை வாசம் அடிக்கும், வெயிலில் போடச் சொல்லுங்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை.

உங்கள்,
இங்வில்ட்


ஃபாகெர்னெஸ்,
30 மார்ச்

அன்பு மகள் இங்வில்டுக்கு,

உறுதி செய்யப்பட்ட செய்தி: பெயர் பெனெடிக்டே. ஆதாரம்: நான்.

ஐந்து வாரம் பதில் எழுதவில்லை. நலமாகத்தான் இருந்தேன். உன் ஆய்வறிக்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு ஏழெட்டு முறை தொடங்கினேன். எல்லாம் பொய்யாக இல்லை, ஆனால் செய்தியாகவும் இல்லை. கிழித்துவிட்டேன்.

நூலகத்தில் அன்று குடித்த காப்பிக்குப் பிறகு இன்னொரு காப்பி, பிறகு பல் பிடுங்கிய நாளில் எனக்கு அவர் வைத்துக் கொடுத்த சூப். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவரை ஸ்கார்லிக்கு அழைத்துப் போனேன். கூடத்தை இருபதில் வைத்திருந்தேன். கதவைத் திறந்ததும், "யாருக்கு இவ்ளோ அக்கறை?" என்றார். என் மகள் மாட்டியது என்றேன். "மகள்கிட்ட சொல்லு, படுக்கையறையையும் கணக்குல சேத்துக்கணும்னு" என்றார்.

அவர் பிறந்தது மடகாஸ்கரில். அப்பா அம்மா அங்கே மிஷன் ஊழியர்கள். பதினான்கு வயதில் நார்வேக்கு வந்தவருக்கு அறுபத்தொன்பது வயதிலும் குளிர் பழகவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் என் பல்லையே பார்த்துவந்தார், எனக்கு அப்போது தெரியாது. ஜன்னல் சண்டை நீ எழுதியது போலவேதான். நான் சொல்வேன், "காத்து வரலன்னா மூச்சு முட்டும்." அவர் சொல்வார், "இத்தனை வருஷமா உன் வாய்க்குள்ள பார்த்திருக்கேன். உனக்கு மூச்சுக்குக் குறைச்சலே இல்ல."

ஜனவரி இரவில் நடந்தது இதுதான். ஹீட்டர் அணைந்தது. நான் போட்டேன். மறுபடி அணைந்தது. "உன் வீட்டுக்கு என்னைப் பிடிக்கல, ஹால்வர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விடியற்காலையில் நாங்கள் கூடத்துக்கு வந்து விறகடுப்பு முன்னால் கோட்டோடு உட்கார்ந்திருந்தபோது அவர் சிரிக்கவில்லை. நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது மாரித்தின் வீடு. வீட்டுக்கு நினைவு இருக்கலாம் என்று எழுபத்து மூன்று வயதில் ஒரு நிருபர் நினைத்தான், ஆதாரம் ஏதும் இல்லாமல். பிறகு உன் கடிதம் வந்தது. வீடு இல்லை, கப்பலில் இருந்து என் மகள்தான் என்று தெரிந்ததும் பெனெடிக்டே வயிறு வலிக்கச் சிரித்தார். எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் பிடிக்காமல் போனால் பரவாயில்லை. உனக்கு?

நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். "கம்பளிக்குள் இருக்கிறேன்" என்று அனுப்பினேன். எந்த ஊர்க் கம்பளி என்று நீ கேட்கவில்லை.

இப்போது விற்பனை. பெனெடிக்டே இதில் கருத்துச் சொல்ல மறுக்கிறார். "வித்தா வித்துக்கோ. நான் உன்கூட வர்றது அந்த நாலு சுவருக்காக இல்ல. ஆனா உன் மக என்ன சொன்னா?" என்றார். உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். "நான் எதுவும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறாய். "நான் எதுவும் கேட்கவில்லை" என்றும் எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் விற்கப்போகிற வீட்டுக்குப் புது உணர்கருவி வாங்குகிற பெண்ணை நான் எங்கும் பார்த்ததில்லை. துறைமுகம் வந்ததும் முதலில் அந்த வீட்டு வெப்பத்தைப் பார்ப்பவளையும் பார்த்ததில்லை. இவ்வளவு நாள் கேட்காமல் விட்டது நான்தான். இப்போது கேட்கிறேன். இரண்டு கேள்வி. அந்த வீடு உனக்கு வேண்டுமா? அதில் பெனெடிக்டே இருப்பது உனக்குச் சம்மதமா? இரண்டாவதற்கு இல்லை என்றால் முதல் கேள்விக்கு அர்த்தமில்லை. விற்றுவிடுவேன், வருத்தப்படவும் மாட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று இருவரும் மேலே போகிறோம். உன் பதில் வரும்வரை அந்த எண்களை நான் தொடுவதாக இல்லை. பதில் வராவிட்டால் எட்டு டிகிரியிலேயே போய் இறங்குவோம். கோட்டு இருக்கிறது.

நிலுவையில்: உன் பதில். எதிர்பார்க்கப்படும் நாள்: ஏப்ரல் பதினேழுக்குள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஸ்கார்லி,
18 ஏப்ரல், புனித வெள்ளி

அன்பு மகள் இங்வில்டுக்கு,

நேற்று பிற்பகல் மூன்றரை மணிக்கு ஸ்கார்லி மலைவீட்டின் கூடத்தில் இருபது டிகிரி, பெரிய படுக்கையறையில் இருபத்தொன்று, குளியலறைத் தரையில் இருபத்தாறு. நான் வைக்கவில்லை. பெனெடிக்டேயிடம் அந்தச் செயலியே கிடையாது. க்னூட்டிடம் விசாரித்தேன். "எனக்கு வெப்பமானி மட்டும்தான் தெரியும்" என்றான். ஆகவே ஆதாரம் ஒருவர்தான். அவர் அப்போது வடக்கே எங்கோ ஒரு இன்ஜின் அறையில் முப்பத்தெட்டு டிகிரியில் நின்றுகொண்டிருந்தார்.

புதன் மாலைவரை உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ஈஸ்டர் வாரத்தில் தபால் ஊர்ந்துதான் வரும், உனக்கு இரட்டைப் பணி வேறு, எல்லாம் தெரியும். இருந்தும் காலையில் தபால் பெட்டியை இரண்டு முறை திறந்து பார்த்தேன். பிறகு சொன்னபடியே எதையும் தொடாமல் புறப்பட்டோம். கைப்பேசியைக் காரின் பின்னிருக்கையில், ஆரஞ்சுப் பழப் பைக்குள் போட்டுவிட்டேன், பார்க்கக் கூடாது என்று. பெனெடிக்டே மூன்று ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கோட்டோடு சேர்த்து ஐந்து அடுக்கில் உட்கார்ந்திருந்தார். வழியில் "பதில் வரலன்னா அதுவும் ஒரு பதில்தான், ஹால்வர்" என்று ஒரு முறை சொன்னார். நான் ரேடியோவைப் போட்டேன். எனக்கு அது கேட்காது என்று அவருக்கும் தெரியும்.

சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினேன். சூடு வந்து முகத்தில் பட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பெனெடிக்டே என்னைத் தாண்டிப் போய், நேராகப் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த எண்ணைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். "பொண்ணு சம்மதிச்சுட்டா" என்றார். பிறகு மற்ற நான்கு அடுக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். ஆணியில் இடம் போதவில்லை. இன்னொரு ஆணி அடிக்க வேண்டும்.

அதன்பிறகுதான் ஆரஞ்சுப் பையில் இருந்து கைப்பேசியை எடுத்தேன். உன் குறுஞ்செய்தி இருந்தது: "கடிதம் எழுத நேரமில்லை. போர்வையை வெயிலில் போட்டீர்களா?" போட்டோம். இப்போது தெற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முகத்தில் வெயிலோடு இதை எழுதுகிறேன். பனி மினுங்குகிறது. பெனெடிக்டே பக்கத்தில் துப்பறியும் நாவல் படிக்கிறார். கொலைகாரன் யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். சரிதான்.

ஜன்னல் விஷயத்தில் நேற்று இரவு உடன்பாடு ஏற்பட்டது. ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கலாம். யாருடைய விரல் என்பதில் பேச்சு இழுத்தது. அவருடையது என்று முடிவானது. மெல்லிய விரல்.

இடைத்தரகருக்கு இன்று காலையே எழுதிவிட்டேன். வீடு விற்பனைக்கு இல்லை. விடுமுறை என்பதால் செவ்வாயன்றுதான் ஒஸ்லோ தம்பதிக்குச் சொல்வார். வெந்நீர்த் தொட்டிக்கு வேறு முற்றம் கிடைக்கும்.

நிலுவையில் ஒன்றே ஒன்று. நேற்று எல்லா எண்ணையும் ஏற்றிய நீ, உன் சின்ன அறையை மட்டும் எட்டிலேயே விட்டிருக்கிறாய். உன் பணி மே இரண்டாம் தேதி முடிகிறது என்று பெனெடிக்டே கப்பல் கால அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறார். மூன்றாம் தேதி சனிக்கிழமை மதியம், உருளைக்கிழங்கு உரிக்கும்போது, அந்த எண்ணை நானே தள்ளப் போகிறேன். எத்தனைக்கு என்று மட்டும் சொல். ஜன்னல் எவ்வளவு என்பதையும். பதில் அதற்குள் எதிர்பார்க்கப்படுகிறது.

அன்புடன்,
அப்பா